குவேக்கர் வழியில் ஒரு ஞாயிறு மாலைக் கூடுகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலைச் சுற்றியிருக்கும் சில குடும்பங்கள் ஞாயிறு மாலை ஒரு வீட்டில் கூடி, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் செய்வதுபோல மௌனமாக உட்கார்ந்து வழிபடுகிறோம். போதகர் கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஓட்டுப் போட்டு முடிவெடுப்பதும் கிடையாது. குமரி மாவட்டத்தில் இதைச் சொன்னால் அடுத்த நிமிடமே கேள்வி வந்துவிடும். கல்யாண வீட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் எங்களிடம் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்து, கூட்டத்தின் சார்பில் பதில் எழுதியிருக்கிறேன்.

குவேக்கர்கள் யார்? இது புதிதாகக் கிளம்பிய சபையா?

புதிது இல்லை. ஏறக்குறைய 375 வருடப் பழக்கம். இங்கிலாந்தில் 1624-ல் பிறந்த ஜார்ஜ் ஃபாக்ஸ் நெசவாளி வீட்டுப் பிள்ளை, செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகியவர். கடவுளை அறிய இடையில் ஒரு குரு தேவையில்லை, ஒவ்வொருவருக்குள்ளும் கடவுளின் ஒளி இருக்கிறது, அது காட்டுகிற வழியில் நடந்தால் போதும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1652-ல் வட இங்கிலாந்தில் ஸ்வார்த்மூர் ஹால் என்ற வீட்டில் மார்கரெட் ஃபெல் அவருக்கும் அவரோடு இருந்தவர்களுக்கும் இடம் கொடுத்தார். அந்த வீட்டிலிருந்துதான் கடிதங்களும் பண உதவியும் நாடெங்கும் போயின, சிதறிக் கிடந்தவர்கள் ஓர் இயக்கமானார்கள். அவர்கள் தங்களை நண்பர்கள் என்றே அழைத்துக்கொண்டார்கள். குவேக்கர் என்பது வெளியார் வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது.

அரசு சபைக்குத் தசமபாகம் கொடுக்க மாட்டோம் என்றதற்கும், சத்தியப் பிரமாணம் எடுக்க மறுத்ததற்கும், தடையை மீறிக் கூடியதற்கும் ஆயிரக்கணக்கானோர் சிறை போனார்கள். இன்று உலகம் முழுவதும் ஏறக்குறைய 4 லட்சம் பேர் இருக்கிறார்கள். கென்யாவில்தான் அதிகம். அங்கே போதகரும் பாட்டும் பிரசங்கமும் உண்டு. நாங்கள் பின்பற்றுவது இங்கிலாந்தில் இன்றும் நடக்கிற பழைய மௌன வழி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் பெரிய குவேக்கர் அமைப்பின் கிளையும் இல்லை நாங்கள். அந்த வழி பிடித்துப்போய்க் கூடுகிற அக்கம்பக்கத்தார், அவ்வளவுதான்.

இந்தியாவில் குவேக்கர்கள் இருந்திருக்கிறார்களா?

இருந்தார்கள், இருக்கிறார்கள். 1866-ல் ரேச்சல் மெட்காஃப் என்ற பெண் காசிக்கு வந்தார். பிறகு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் அவர்களுடைய வேலை வேர்பிடித்தது. 1896-ல் அமெரிக்கக் குவேக்கர் பெண்கள் புந்தேல்கண்டில் நௌகாங் என்ற ஊரில் பணி தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டோடு நெருங்கியவர் மார்ஜரி சைக்ஸ். 1928-ல் சென்னை பெண்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து தமிழ் கற்றுக்கொண்டார். பிறகு சாந்திநிகேதனில் தாகூரோடும், சேவாகிராமில் காந்தியின் ஆதாரக் கல்வியிலும் வேலை செய்தார், நீலகிரியில் கோத்தகிரியில் பல வருடம் வாழ்ந்தார், இந்தியக் குடியுரிமையும் பெற்றார். ஹோரஸ் அலெக்ஸாண்டர் என்ற இன்னொரு குவேக்கர், 1947 ஆகஸ்ட் 15 அன்று கல்கத்தாவில் காந்தியோடு இருந்தவர். காந்தி திங்கட்கிழமைகளில் மௌனம் காத்தவர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இவர்களுக்குள் எப்படி ஒத்துப்போனது என்பது புரியும்.

நம் மாவட்டத்தில் அவர்கள் மிஷன் நடத்தியதில்லை. 1806-ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே லண்டன் மிஷனரி சங்கத்துக்காரர்.

ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து என்ன செய்வீர்கள்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். நடுவில் ஒரு சின்ன முக்காலி, அதன்மேல் ஒரு வேதாகமம், சில நாள் வீட்டுக்காரம்மா முற்றத்தில் பறித்த நந்தியாவட்டைப் பூ. முதலில் வருகிறவர் உட்கார்ந்ததுமே வழிபாடு தொடங்கிவிடும். யாரும் மணி அடிப்பதில்லை, தொடக்க ஜெபம் சொல்வதில்லை. போனை அணைத்து வாசல் பக்கமிருக்கும் கூடையில் போட்டுவிடலாம். கண்ணை மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம்.

முதல் பத்துப் பதினைந்து நிமிடம் மனசு ஓடும். ரேஷன் கடை, பிள்ளையின் பீஸ், பக்கத்து வீட்டு மதில் தகராறு என்று வரிசையாக வரும். அதோடு சண்டை போட வேண்டாம். வந்ததை வந்ததாகப் பார்த்துவிட்டு, மூச்சுக்கோ மனசில் தங்கிய ஒரு வசனத்துக்கோ திரும்பி வந்தால் போதும். சிலர் "அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வேதாகமச் சங்கீத வரியைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் உடம்புக்கு முடியாத ஒருவரை நினைத்துக்கொண்டே இருப்பார்கள்.

தனியாக வீட்டில் தியானம் செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இங்கே சேர்ந்து காத்திருக்கிறோம். எதிரில் இருக்கும் அக்கா தன் கணவனைப் பறிகொடுத்த மாதத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும்போது, நம் மௌனமும் ஆழமாகிறது. குவேக்கர்கள் இதை ஒன்றுகூடிய வழிபாடு என்கிறார்கள். எல்லா வாரமும் அது வாய்க்காது. வாய்க்கிற வாரத்தில் எழுந்து போக மனசே வராது.

சத்தம் இல்லாத இடம் குமரி மாவட்டத்தில் எங்கே இருக்கிறது? கொடை விழா மைக், திருவிழா வெடி, பக்கத்து வீட்டு மிக்ஸி, ஆனி ஆடியில் ஓட்டின்மேல் விழும் மழை, எல்லாம் உள்ளே வரும். வந்தால் வரட்டும் என்று விடப் பழகிவிட்டோம். மழைச் சத்தம் எங்களில் பலருக்கு இப்போது பிடித்தமானதாகவே ஆகிவிட்டது.

முடிவில் பொறுப்பிலிருக்கும் இருவர் ஒருவருக்கொருவர் கை கொடுப்பார்கள். உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுப்போம், பெரியவர்களுக்குக் கை கூப்புவதும் உண்டு. அதோடு வழிபாடு முடிந்தது.

தூக்கம் வந்தால்?

வரும். வாரம் முழுக்க வேலை பார்த்தவருக்கு வரத்தான் செய்யும். யாரும் தட்டி எழுப்ப மாட்டோம், குறட்டை விட்டால் மட்டும் மெதுவாகத் தோளைத் தொடுவோம்.

அங்கே யார் வேண்டுமானாலும் பேசலாமா?

பேசலாம். ஆண், பெண், சிறுவர், முதல்முறை வந்தவர் என்ற பேதம் இல்லை. ஆனால் பேசுவேன் என்றோ, பேசவே மாட்டேன் என்றோ தீர்மானித்துக்கொண்டு வர வேண்டாம். இது குவேக்கர்களின் பழைய அறிவுரை, அனுபவத்தில் மிகச் சரியானது.

உள்ளே ஒன்று எழும்பினால் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். இது எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா? இப்போதா, பிறகா? பேசாமல் இருக்கவே முடியாது என்று தோன்றினால் எழுந்து நின்று, சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். அடுத்தவர் உடனே எழக்கூடாது, சொன்னது எல்லோருக்குள்ளும் இறங்க நேரம் விட வேண்டும். ஒருவர் சொன்னதற்கு மறுப்போ பதிலோ சொல்வதில்லை. ஒரு வழிபாட்டில் இரண்டாவது தடவை பேசுவதும் இல்லை. யாரையாவது குத்திக்காட்ட இதைப் பயன்படுத்தினால், பொறுப்பாளர்கள் அன்றைக்குச் சாயா குடிக்கும்போதே அவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்.

ஒருவர்கூடப் பேசாத வாரங்கள் பல. அதை யாரும் குறையாக நினைப்பதில்லை.

பாட்டே இல்லாமல் எப்படி?

கீர்த்தனை பாடி வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இது கஷ்டம்தான், எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. வழிபாட்டுக்குள் முன்கூட்டித் திட்டமிட்ட பாட்டு கிடையாது. உள்ளத்திலிருந்து எழும்பிய பாட்டை ஒருவர் பாடினால் தடுப்பதில்லை. கை கொடுத்து முடித்த பிறகு, சாயா கொதிக்கும் வரைக்கும் ஆசை தீரப் பாடலாம். ஆர்மோனியம் வைத்திருக்கும் ஓர் அண்ணன் அதற்கென்றே அதைத் தூக்கிக்கொண்டு வருவார்.

போதகர் இல்லையென்றால் பொறுப்பு யாருடையது?

எல்லோருடையதும். வேலைகளை மட்டும் பிரித்துக்கொள்கிறோம். கூட்டங்களை நடத்தி முடிவுகளை எழுதிவைக்க ஓர் எழுத்தர். வழிபாட்டின் ஒழுங்கைக் கவனிக்க இரண்டு மூப்பர்கள். நோயாளிகள், வீட்டில் பிரச்சினை உள்ளவர்கள், வராமல் போனவர்கள் ஆகியோரை விசாரிக்க இருவர். கணக்குக்கு ஒருவர். இவர்களுக்குச் சம்பளமும் கிடையாது, தனி இருக்கையும் கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது பல குவேக்கர் கூட்டங்களின் வழக்கம், நாங்களும் அப்படியே செய்கிறோம். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று சிலர் கூடி யோசித்து, அவரிடம் கேட்டு, பிறகு கூட்டத்தின் முன் வைப்பார்கள். போட்டி போட்டு யாரும் வருவதில்லை.

பூசாரி இல்லாமல் கூடுவது இந்த மண்ணுக்கு அந்நியம் ஒன்றும் இல்லை. சாமித்தோப்பு அய்யா வைகுண்டரின் வழியில் வருகிறவர்கள் கண்ணாடி முன் நின்று வணங்கி, நிழல்தாங்கல் என்ற வழிபாட்டிடங்களில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே முந்திரிக் கிணற்றைக் காட்டியவர் அவர்.

ஓட்டுப் போடாமல் எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

எனக்குக் குவேக்கர் வழியில் மிகவும் மதிப்பு வாய்ந்தது இதுதான். சபைத் தேர்தல் எப்படி நடக்கும் என்று குமரி மாவட்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அணி பிரியும், நோட்டீஸ் அடிக்கும், ஜெயித்தவர் மாலை போட்டுக்கொள்வார், தோற்றவர் கோர்ட்டுக்குப் போவார். ஒரே தெருவில் அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் முகம் பார்க்காமல் நடப்பார்கள். அம்மா செத்த வீட்டில்கூட இரண்டு பக்கமாக நிற்பார்கள். கடவுள் பெயரில் கூடியவர்களுக்கு இது நடக்கக்கூடாது என்ற வேதனையில்தான் எங்களில் பலர் இந்தப் பக்கம் வந்தோம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, வழிபாடு முடிந்ததும் காரியக் கூட்டம். அதுவும் மௌனத்தில்தான் தொடங்கும், அதுவும் வழிபாடுதான். எழுத்தர் ஒரு விஷயத்தை வைப்பார். பேச நினைப்பவர் எழுத்தரைப் பார்த்துப் பேச வேண்டும், எதிரில் இருப்பவரைப் பார்த்து இல்லை. ஒருவர் பேசும்போது குறுக்கே புகக்கூடாது. முன்னால் ஒருவர் சொன்னதையே இன்னொரு தடவை அழுத்திச் சொல்லத் தேவையில்லை. பலம் காட்டும் இடம் இல்லையே, ஒரு தடவை சொன்னால் போதும். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எண்ணிப் பார்க்காமல், கடவுள் எங்களை எங்கே கொண்டுபோகிறார் என்று எழுத்தர் கூர்ந்து கவனிப்பார். தெளிவு வந்ததாகத் தோன்றினால் அங்கேயே, அப்போதே, நோட்டில் முடிவை எழுதி உரக்க வாசிப்பார். எல்லோரும் சரி என்றால்தான் அது முடிவு. ஒரு வரி இடித்தாலும் திருத்தி மறுபடி வாசிக்க வேண்டும். தெளிவு வரவில்லையென்றால் மறுமாதத்துக்குத் தள்ளிவைப்போம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்களில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், தன் பங்கில் மூன்று சென்ட் இடம் தருகிறேன், கூட்டத்துக்கென்று ஒரு சின்னக் கட்டடம் கட்டலாம் என்றார். நல்ல மனசோடு சொன்னது. இளைஞர்களுக்கு உற்சாகம். ஓட்டுப் போட்டிருந்தால் அன்றைக்கே நிறைவேறியிருக்கும். ஒரு வயதான அம்மா எழுந்து, "இடம் வந்தா தாக்கோல் (சாவி) வரும். தாக்கோல் யார் கையில இருக்குன்னு சண்டை வரும். நான் ரெண்டு சபையில பார்த்தாச்சு மக்களே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நெடுநேரம் யாரும் பேசவில்லை.

அடுத்தடுத்த மாதங்களிலும் அதே விஷயம் வந்தது. கடைசியில் இடத்தை ஏற்பதில்லை என்று எழுத்தர் எழுதி வாசித்தார். வாத்தியார் கோபப்படவில்லை. "நான் ஏன் அதைச் சொன்னேன்னு இதில் இல்லையே. மூட்டுவலிக்காரங்க மாடிப்படி ஏற முடியாம வராம நின்னுபோறாங்க, அதுக்குத்தான் சொன்னேன்" என்றார். அதுவரை நாங்கள் மாடி வீடு ஒன்றில் கூடிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு வரி விஷயத்தையே மாற்றிவிட்டது. முடிவு திருத்தி எழுதப்பட்டது: இடம் ஏற்கவில்லை, படி ஏற முடியாதவர்களுக்காகக் கூடுகையைத் தரைத்தள வீட்டுக்கு மாற்றுகிறோம். வாத்தியாரும் சரி என்றார், அந்த அம்மாவும் சரி என்றார். ஓட்டு எண்ணியிருந்தால் ஒருவர் ஜெயித்திருப்பார், அந்த மாடிப்படி அப்படியே இருந்திருக்கும்.

ஒருவர் மட்டும் பிடிவாதமாக நின்றால் எல்லாம் நின்றுபோகுமா?

நின்றுபோவதும் உண்டு, அது நல்லதாக முடிவதும் உண்டு. ஆனால் இது ஒருவருக்குத் தடுக்கும் அதிகாரம் கொடுப்பது ஆகாது. தனக்குச் சம்மதம் இல்லாவிட்டாலும் கூட்டம் சரியான வழியில்தான் போகிறது என்று உணர்ந்தால், "எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனாலும் வழிமறிக்க மாட்டேன்" என்று ஒதுங்கி நிற்கலாம். குவேக்கர்களிடம் இதற்கு நீண்ட வழக்கம் உண்டு.

காத்திருப்பதற்கு ஒரு விலையும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் அடிமை முறைக்கு எதிராக 1688-லேயே எழுதிக் கொடுத்தார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று பிலடெல்பியா குவேக்கர்கள் முடிவெடுத்தது 1776-ல்தான். ஜான் உல்மன் போன்றவர்கள் வீடு வீடாகப் போய், கோபமில்லாமல், விடாமல் பேசிப் பேசித்தான் அது நடந்தது. அந்த இடைக்காலத்தில் அடிமையாகவே பிறந்து அடிமையாகவே செத்தவர்களை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அதனால் ஒருவருக்கு அநியாயம் நடந்துகொண்டிருக்கும் விஷயத்தைத் தள்ளிப்போடுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்.

ஞானஸ்நானம், திருவிருந்து உண்டா?

சடங்காகச் செய்வதில்லை. வாழ்க்கை முழுவதுமே புனிதமானது, ஒரு நாளையோ ஒரு செயலையோ தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை என்பது குவேக்கர் எண்ணம். நம் மாவட்டத்தில் இதை விளக்குவது எளிது. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற சபையிலும் 1883 முதல் இந்த இரண்டும் கிடையாது. நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரியை நடத்துகிறவர்கள் அவர்கள்தான், அவர்களுடைய விசுவாசத்தை இங்கே யாரும் சந்தேகிப்பதில்லையே. ஞானஸ்நானம் பெற்றவர்களையும் பெற விரும்புகிறவர்களையும் நாங்கள் குறை சொல்வதில்லை.

இதில் சேர்ந்தால் என் சபையை விட வேண்டுமா? செத்தால் எங்கே அடக்கம் செய்வார்கள்?

இரண்டும் ஒரே கேள்விதான் என்பது நம் ஊர்க்காரருக்குத் தெரியும். சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டுமென்றால் சபை உறுப்பினராக இருக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக்கூடாது. அதனால்தான் யாரையும் எதையும் விடச் சொல்வதில்லை. எங்களில் பலர் காலையில் சிஎஸ்ஐ சபைக்கோ பங்குக் கோயிலுக்கோ போய்விட்டு மாலையில் இங்கே வருகிறார்கள். வரியும் சந்தாவும் ஒழுங்காகக் கட்டிவிடுங்கள் என்று நாங்களே நினைவுபடுத்துவோம். சொந்தத் தோட்டத்தில் குடும்பக் கல்லறை உள்ளவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இந்துக்கள், முஸ்லிம்கள் வரலாமா? மதம் மாற்றுவீர்களா?

வரலாம், வருகிறார்கள். மதம் மாறச் சொல்வதில்லை, யாரிடமும் விசுவாசப் பிரமாணம் கேட்பதுமில்லை. குவேக்கர்கள் கிறிஸ்தவத்தில் பிறந்தவர்கள், நாங்களும் வேதாகமத்தை நடுவில் வைக்கிறோம், அதை ஒளித்துவைக்க மாட்டோம். ஆனால் மௌனத்தில் உட்கார எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

பெண்களுக்கு என்ன இடம்?

சமமான இடம். மார்கரெட் ஃபெல் 1666-லேயே, சபையில் பெண்கள் பேசுவது வேதத்துக்கு உகந்ததே என்று சிறையிலிருந்தபடி எழுதினார். 1813-ல் லண்டன் நியூகேட் சிறைக்கு முதன்முறை போய், பிறகு அங்கிருந்த பெண்களுக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரை குவேக்கர்தான். நம் தரப்பிலும் சொல்ல வேண்டியது உண்டு. தோளை மூடும் உரிமைக்காக அடிபட்டு, 1859-ல் திருவிதாங்கூர் அரசிடமிருந்து அறிக்கை வாங்கிய பெண்களின் பேத்திகள் வாழும் ஊர் இது. அவர்கள் வாய் திறக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. எங்கள் இப்போதைய எழுத்தர் ஒரு தையல்கடை நடத்தும் அக்கா.

காணிக்கை எவ்வளவு?

வழிபாட்டில் பை வராது. வாசல் பக்கம் ஒரு மூடிய டப்பா இருக்கும். விருப்பமுள்ளவர் போடலாம், யார் எவ்வளவு போட்டார் என்று எழுதுவதுமில்லை, வாசிப்பதுமில்லை. சாயாச் செலவு போக மீதி மருந்துக்கும் பள்ளிக்கூட பீசுக்கும் போகிறது. கணக்கு காரியக் கூட்டத்தில் வைக்கப்படும்.

சாப்பாடு உண்டா?

வாராவாரம் சாயாவும் கடித்துக்கொள்ள ஏதாவதும். ரசவடை வந்தால் அன்றைக்குப் பேச்சு நீளும். காரியக் கூட்டம் உள்ள ஞாயிறு மட்டும் இரவுச் சாப்பாடு. அவரவர் வீட்டில் செய்ததைக் கொண்டுவருவோம்: மரச்சீனிக் கிழங்கு, மீன்கறி, பயறு தோரன், சம்மந்தி, கொஞ்சம் கஞ்சி. சைவம் சாப்பிடுவோருக்குத் தனிக் கரண்டி, தனி மேஜை. இரண்டு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் ஒரு பதார்த்தத்துக்குமேல் கொண்டுவரக்கூடாது, ஏனென்றால் அது போட்டியாகிவிடும், இல்லாதவர்கள் வர வெட்கப்படுவார்கள். பாத்திரம் கழுவுவது ஆண்கள். இந்த இரண்டாவது முடிவை எட்ட நாங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கட்டடமே கட்டியிருக்கலாம், ஆனால் இன்று யாரும் முணுமுணுப்பதில்லை. வெறுங்கையோடு வருகிறவர்தான் முதலில் சாப்பிட உட்கார வேண்டும் என்று எழுத்தர் அக்கா சொல்லுவார்.

குழந்தைகள் சும்மா இருப்பார்களா?

முதல் கால் மணி நேரம் பெரியவர்களோடு உட்காருவார்கள். அப்புறம் ஒருவர் அவர்களைத் திண்ணைக்குக் கூட்டிப்போய்க் கதை சொல்லுவார், படம் வரையவைப்பார். கைக்குழந்தை அழுதால் அம்மா எழுந்து ஓட வேண்டியதில்லை. அழுகையும் வழிபாட்டில் கலந்துவிடும். பிள்ளைகளைக் குறைத்து எண்ணவும் கூடாது. 1682-ல் பிரிஸ்டல் நகரத்தில் பெரியவர்கள் அத்தனை பேரும் சிறையில் இருந்தபோது, அடியும் திட்டும் வாங்கிக்கொண்டு கூட்டத்தை விடாமல் நடத்தியது பிள்ளைகள்தான்.

கல்யாணம் எப்படி நடக்கும்?

குவேக்கர் முறையில் கல்யாணம் செய்துவைக்கிறவர் என்று யாரும் இல்லை. வழக்கம்போல் மௌனமாக உட்கார்ந்திருக்கும்போது மணமக்கள் எழுந்து, கை பிடித்து, ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். ஒரு பெரிய தாளில் வாக்குறுதி எழுதப்பட்டிருக்கும், வந்திருக்கும் எல்லோரும், எழுதத் தெரிந்த பிள்ளைகள் உட்பட, சாட்சியாகக் கையெழுத்துப் போடுவார்கள். சட்டப்படி பதிவு தனி: 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ் கொடுத்துச் செய்யலாம். எங்கள் நடுவில் அப்படி ஒரு கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

அதற்கு முந்திய படியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். குவேக்கர்கள் கல்யாணத்துக்கு முன் நாலைந்து பேரை மணமக்களோடு உட்காரவைப்பார்கள். அறிவுரை சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் கல்யாணம் எந்தக் கோயிலில் நடந்தாலும், இப்படி உட்காருகிறோம். எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம், யார் கேட்டது, அந்தக் கடனை அடைப்பது யார் என்று நேராகக் கேட்போம். பதில் சொல்லும்போதே சில பிள்ளைகளின் முகம் மாறிவிடும்.

நோய், சாவு வந்தால்?

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஒருவர் படுத்தால் துணைக்கிருக்க ராத்திரி முறை போட்டுக்கொள்கிறோம். ஜெபம் செய்கிறேன் என்று நீட்டிப் பேசாமல், கட்டிலோரம் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, கஞ்சி வாங்கிக் கொடுத்துவிட்டு வருவதையே நோயாளிகள் விரும்புகிறார்கள். சாவு வீட்டில் அந்தக் குடும்பத்தின் முறை எதுவோ அதுதான். அடுத்த ஞாயிறு இறந்தவர் உட்காரும் நாற்காலியை எடுக்காமல் கூடுவோம், நினைவில் இருப்பதை யாராவது சொல்ல நினைத்தால் சொல்லலாம்.

கோர்ட்டில் சத்தியம் செய்ய மாட்டீர்களாமே?

எப்போதும் உண்மை பேசுகிறவருக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்பது குவேக்கர் வாதம். இந்தியாவில் இதனால் சிக்கல் ஏதும் இல்லை. 1969-ஆம் வருடத்துச் சட்டப்படி சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம்.

சமாதானம் என்று பேசுகிறீர்கள். ஊரில் சண்டை வந்தால்?

இரண்டு உலகப் போர்களிலும் பசித்தவர்களுக்கும் அகதிகளுக்கும் செய்த உதவிக்காக, 1947-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருந்த இரண்டு குவேக்கர் சேவை அமைப்புகளுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்கும் அவர்கள் கஞ்சி ஊற்றினார்கள். நாங்கள் செய்வது மிகச் சிறியது. 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடுவில் மூண்ட மண்டைக்காடு கலவரத்தின்போது பிள்ளைகளாக இருந்தவர்கள், இரண்டு பக்கத்தாரும், எங்கள் நடுவில் இருக்கிறார்கள். ஒரு மாலை, அந்த நாட்களில் தங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். இடையில் யாரும் பேசவில்லை, யார் சரி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஓர் அம்மா, கதவைச் சாத்திக்கொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்திருந்ததைச் சொன்னார். எதிர்ப்பக்கத்து அண்ணன் ஒருவர், "நாங்களும் அப்படித்தான் ஒளிஞ்சிருந்தோம் அக்கா" என்றார். அந்த இருவர் வீட்டாரும் இப்போது ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போய்வருகிறார்கள்.

ஏன் மாலை நாலு மணி?

காலையில் பலருக்குச் சொந்தச் சபை இருக்கிறது. குலசேகரம், அருமனைப் பக்கத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியும் முன் எழுந்து ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டு, மதியம் ஒரு தூக்கம் போட்டால்தான் வர முடியும். ஆறரைக்குள் முடித்தால் ராத்திரி பஸ் இல்லாத கிராமத்துக்காரர்களும் வீடு சேரலாம்.

எங்கள் ஊரிலும் இப்படித் தொடங்கலாமா?

தாராளமாக. இரண்டு மூன்று பேர் போதும். முதலில் அரை மணி நேரமே வையுங்கள், ஒரு மணி நேரம் பழக்கமில்லாதவர்களுக்கு நீளம். நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், ஆள் குறைந்த வாரத்திலும் கூடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கதவைத் திறந்தே வையுங்கள். பேசாமல் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பற்றி ஊரில் என்னென்னவோ கிளப்புவார்கள், வந்து பார்த்தவர்கள் கிளப்ப மாட்டார்கள். கணக்குக்கும் முடிவுகளுக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். படி ஏற வேண்டாத வீடாகப் பாருங்கள்.